அலுமினியத் தாளுக்கு ஒரு கதிரை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் தொடக்கம் இன்று வரைக்கும் செய்து வைத்த பொருள்களுக்குள்ளே, ஒருவருக்கும் ஒன்றுக்கும் உதவாத பொருள் அலுமினியத் தாள் ஒன்றே.

இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் திருவாளர் கனகரத்தினம். அறிவித்த இடம், திருகோணமலைத் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன ஒரு நீண்ட கட்டடம். காலம், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கு. வெளிநாட்டுச் சாமான் வருவது கட்டுப்படுத்தப்பட்டு, கோதுமை மாவும் அருமையாகிப்போய், சனங்கள் விடியற்புறம் எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்று, பாண் முடிந்த பிறகும் பழக்க தோஷத்தால் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிற காலம்.

அந்தக் கட்டடத்தில் இயங்கியது அவசியப் பண்ட ஆய்வுச் சபை. வெளிநாட்டுச் சாமான் ஏதும் தனியாள் கையில் அகப்பட்டால், அது நாட்டுக்கு அவசியமா அநாவசியமா என்று தீர்ப்பது சபையின் வேலை. கனகரத்தினம் தலைவர். இரத்தினசிங்கம் பிரதம லிகிதர். தட்டெழுத்தும், தேத்தண்ணியும், தலைவர் பேசி முடித்ததும் கைதட்டுவதும் புஷ்பவதியின் பொறுப்பு.

சபைக்கென்று ஒரு முறை இருந்தது. விசாரிக்கப்படும் பொருளைக் கதிரையில் இருத்துவார்கள். சொந்தக்காரர் நிற்க வேண்டும். விசாரணை பொருளைப் பற்றியது, ஆகவே மரியாதையும் பொருளுக்கே உரியது என்பது தலைவரின் வியாக்கியானம். அந்தக் கதிரையில் இதற்கு முன்னர் ஒரு சுடுதண்ணிப் போத்தல் இருந்து அநாவசியமாகியிருந்தது. ஒரு பற்தூரிகை இருந்து, வேப்பங்குச்சியோடு ஒப்பிடப்பட்டுத் தலைகுனிந்து வெளியேறியது. விடுதலையானது ஒரு குடை மட்டும்தான். அன்றைக்கு நல்ல மழை. தலைவர் குடை கொண்டுவந்திருக்கவில்லை. குடைக்காரர் தலைவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

இப்போது கதிரையில் இருந்தது ஒரு சுருள் அலுமினியத் தாள். எதிரே நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான்.

கலீலுர் றஹ்மான் கலியாணச் சமையல்காரர். கிண்ணியாவிலும் மூதூரிலும் அவருடைய கிடாரம் அடுப்பில் ஏறாத கலியாணத்தைக் கலியாணம் என்று ஒப்புக்கொள்ள ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இந்தத் தடவை கலியாணம் அவர் வீட்டிலேயே. மூத்த மகள் ஸல்ஹாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் வாப்பா முஹம்மது தம்பி, சீதனமாக வீடு கேட்கவில்லை, வளவு கேட்கவில்லை.

"உங்கட கையால ஒரு தம் புரியாணி, சம்மந்தி. அது போதும். ஆனா தம் சரியா இரிக்கோணும்" என்றார்.

வீடு கேட்டிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருக்கலாம்.

விஷயம் இதுதான். அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது கிடாரத்தை மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் குழைத்த மாவை அப்பி, மூடிமேல் சிரட்டைத் தணலைக் கொட்ட வேண்டும். ஆவி ஓர் இழைகூட வெளியே போகக் கூடாது. போனால் அது புரியாணி இல்லை, இறைச்சி போட்ட சோறு. கலீலுர் றஹ்மானிடம் அரிசி இருந்தது, சொந்த வயல். ஆடு இருந்தது, சொந்தப் பட்டி. நெய் இருந்தது. கோதுமை மா மட்டும் மருந்துக்கும் கிடையாது. சும்மா கிடக்கிற மூடியில் அப்புவதற்கு மாக் கேட்டால் சங்கக் கடையில் அடிக்க வருவார்கள். களிமண்ணால் அடைத்துப் பார்த்தார். புரியாணியில் குளத்து வாசம் வந்தது. ஈரச் சாக்கைச் சுற்றிப் பார்த்தார், சாக்கு பற்றிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் சமையல்காரன் கரைக்கு வந்து அவர் கையால் சாப்பிட்டான். அவன் எந்த நாட்டான் என்று இவருக்குத் தெரியாது. இவர் கைகளால் கிடாரம் காட்டினார், மூடி காட்டினார், ஆவி காட்டினார், கடைசியில் மகளையும் காட்டினார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய், மறுநாள் கப்பலிலிருந்து ஒரு தடித்த சுருளைக் கொண்டுவந்து, விளிம்பில் சுற்றி அழுத்துவது எப்படி என்று காட்டிக் கொடுத்தான். கலீலுர் றஹ்மான் அதைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு துறைமுக வாசலைத் தாண்டும்போது பிடிபட்டார்.

"இதனால் என்ன பிரயோசனம் என்று சொல்ல வருகிறீர்?" என்றார் தலைவர்.

"கிடாரத்து மூடிய அடைக்க, சேர். மகள்ற கலியாணம்."

"மூடியை மூட ஒரு மூடியா? மூடி என்று ஒன்று இருப்பதே மூடத்தானே, ஐசே! மூடிக்கு மேல் மூடி கேட்கிற நாடு எப்படி முன்னேறும்?"

புஷ்பவதி கைதட்டினாள்.

"சாப்பாட்டைச் சுத்தி வச்சாலும் சூடு ஆறாது, சேர்" என்றார் கலீலுர் றஹ்மான் மெதுவாக.

சபை இதை விஞ்ஞான ரீதியாகப் பரிசோதிக்கத் தீர்மானித்தது. அடுத்த அமர்வுக்கு அவர் அறக்குளா மீன்கறியோடு இரண்டு சோற்றுப் பார்சல் கொண்டுவர வேண்டும். ஒன்று வாழையிலையில். மற்றது அன்றே சபையின் கண்முன்னே வெட்டிக் கொடுத்த தாளில். அப்படியே நடந்தது. புறப்படுகையில் கட்டிய பார்சல்களைச் சபை மத்தியானம் பிரித்தது. இலைச்சோறு விறைத்துப்போய்க் கிடந்தது. தாளைப் பிரித்தபோது ஆவி எழுந்து தலைவரின் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. பக்கச்சார்பு வந்துவிடக் கூடாதென்பதற்காகத் தலைவர் இரண்டையும் சாப்பிட்டார். கையைக் கழுவினார். தீர்ப்புச் சொன்னார்.

"சூடு என்பது சோற்றின் குணம். தாளின் குணமன்று. சோறு தன் சூட்டைத் தானே வைத்திருந்ததற்குத் தாள் எப்படி உரிமை கொண்டாடலாம்?"

கலீலுர் றஹ்மான் சாப்பிட்ட இலையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். 

அடுத்த அமர்வில் தலைவர் சுயதேவைப் பூர்த்தி பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் மின்விசிறி நின்றுபோயிற்று. பியூஸ் போய்விட்டது. கம்பி வாங்கவென்றால் கடைகளில் கம்பி வந்து மாதக் கணக்கு. தலைவரின் கழுத்துப்பட்டி நனையத் தொடங்கியது. இரத்தினசிங்கம் மெல்ல எழுந்து, கதிரையில் இருந்த சுருளின் பக்கமாக ஒரு தரம் குனிந்து, வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் விசிறி முன்னரிலும் வேகமாகச் சுற்றியது.

தலைவர் விரலை நீட்டி விசிறியைக் காட்டினார். "பார்த்தீரா, றஹ்மான்? அலுமினியத் தாள் இல்லாமலே இந்த நாட்டில் விசிறி எவ்வளவு திறமாகச் சுற்றுகிறது!"

பலத்த கைதட்டல்.

கலீலுர் றஹ்மான் வெளியே வந்தபோது இரத்தினசிங்கம் பின்னால் ஓடிவந்தார்.

"றஹ்மான் நானா, கோவிக்காதேங்கோ. ஒரு சின்னத் துண்டுதான் எடுத்தனான்."

"பறவாயில்ல சேர். ஆனா சுருள் நல்லா மெலிஞ்சு கிடக்கு. ஒரு துண்டுக்கு இவ்வளவு மெலியாதே?"

"அது... போன கிழமை என்ட ரேடியோவுக்கும் கொஞ்சம். பற்றரி இளகிப்போய் ஆடிக்கொண்டு கிடந்தது. ஒரு மடிப்பு வச்சன், பிறகு கொழும்பு பக்கத்து வீட்டில இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. எல்லாம் ஆராய்ச்சிக்கு எடுத்த மாதிரித் துண்டு எண்ட கணக்கில்தான் போகுது, பயப்பிடாதேங்கோ."

ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு மாதிரி எடுத்து ஆராய்வது சபையின் வழக்கமாம். ஆராய்ச்சி எந்த மட்டில் நடக்கிறது என்பதைக் கலீலுர் றஹ்மான் நாளடைவில் அறிந்துகொண்டார். புஷ்பவதி தாளை இரண்டு மூன்று தரம் வெட்டிப் பார்த்ததில், பேப்பரைக்கூட வெட்டாத அலுவலகக் கத்திரிக்கோல் சவர அலகு மாதிரியாகிவிட்டது. அதைக் கண்டு அவள் வீட்டுக் கத்திரிக்கோலையும், பக்கத்து வீட்டுத் தையல்காரியின் கத்திரிக்கோல்களையும் கொண்டுவந்து ஆராய்ந்தாள். ஒருநாள் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துப் பக்கம் போனவர், காயப்போட்ட மீனுக்கு மேலே கயிற்றில் கீலம் கீலமாகக் கிழித்த வெள்ளித் தாள்கள் பளபளவென்று ஆடுவதையும், காகங்கள் தென்னையில் கூடியிருந்து தங்களுக்குள் கூட்டம் நடத்துவதையும் கண்டார். மீன் சபையின் காவல்காரர் வீட்டு மீன். பள்ளிக்கூட விழாவில் அரச வேஷம் போட்ட பையன் தலையில் ஒரு கிரீடம் மின்னியது. பையன் இரத்தினசிங்கத்தின் மருமகன்.

மகளின் கலியாணம் துண்டுதுண்டாகத் திருகோணமலை முழுக்க மினுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி அவர் வீட்டுக்குப் போனார்.

"இஞ்சப் பாருங்க" என்றாள் மனைவி றம்லா. "ஒருத்தருக்கும் உதவாத சாமான் எண்டா ஏன் ஒவ்வொருத்தரும் களவெடுக்கிறாங்க?"

"களவு இல்ல புள்ள. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி முடியக்குள்ள கிடாரத்துக்கு இல்ல, தேத்தண்ணிக் கோப்பைக்கும் காணாது. மூதூர்ச் சனம் வந்து நிண்டு மூடியத் திறந்தா என்ன சொல்லப்போறீங்க? இறைச்சி போட்ட சோறு எண்டா?"

அடுத்த அமர்வுக்குக் கலீலுர் றஹ்மான் துணிவோடு போனார். போகும்போதே, சுருக்கமாக ஒரு முடிவு கேட்பதென்று மனதில் உறுதி எடுத்துக்கொண்டார்.

"சேர், இது அவசியம் எண்டு தீர்ந்தா எனக்குக் கிடைக்குமா?"

"அது எப்படிக் கிடைக்கும்? அவசியமென்றால் சகலருக்கும் அவசியம். மூதூர், ஈச்சிலம்பற்று, திரியாய் என்று மாவட்டம் முழுவதற்கும் சங்கக் கடை மூலம் பங்கிட வேண்டும். தலைக்கு ஒரு நகத்தளவு வரலாம்."

"அப்ப அநாவசியம் எண்டு தீர்ந்தா?"

"கடலில் போட வேண்டும்."

"எப்பிடித் தீர்ந்தா சேர் எனக்குக் கிடைக்கும்?"

தலைவர் உண்மையாகவே கவலைப்பட்டார். இப்படி ஒரு கோணம் இருப்பது அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

"பாரும் றஹ்மான், உமக்குக் கிடைக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமன்று. நாட்டுக்குக் கிடைக்கக் கூடாது என்பதும் அன்று. சட்டத்தின் நோக்கம், விசாரணை ஒழுங்காக நடைபெற வேண்டும் என்பது. அது ஒழுங்காக நடைபெறுகிறதா இல்லையா?"

"ஓம் சேர். ஒழுங்காத்தான் நடக்குது. ஆனா..." கலீலுர் றஹ்மான் தலையைச் சொறிந்தார். அவருக்குத் தந்திரம் ஒன்றும் தெரியாது. குழம்பிப்போன ஒரு மனிதரின் நியாயமான கேள்வியாகத்தான் அது வந்தது. "நான் சொன்னது புரியாணி. நீங்க பாத்தது மீன்சோறு. தம் போட்டுப் பாக்காம இந்தத் தாளுக்கு எப்பிடித் தீர்ப்புச் சொல்லுவீங்க?"

 புரியாணி என்ற சொல் விசிறிக்குக் கீழே மெல்லச் சுற்றியது. பாண் வரிசையில் நின்று வந்த மூன்று வயிறுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள முடியாமல் பார்த்துக்கொண்டன.

"என்ன இறைச்சி?" என்று கேட்டார் தலைவர்.

"ஆடு, சேர். சொந்தப் பட்டி."

"நெய்?"

"பசுநெய்."

"லிகிதர்" என்றார் தலைவர், "சபையின் சரித்திரத்தில் முதற்தடவையாக ஒரு கள ஆய்வு அவசியம் என்று கருதுகிறேன்."

மழைநாள் குடையை விட்டால், அந்தச் சபை ஏதாவது ஒன்றை அவசியம் என்று மனமாரக் கருதியதும் அதுதான் முதற்தடவை.

கலியாணத்தன்று அலுமினியத் தாள் கதிரையோடு கிண்ணியாவுக்குப் புறப்பட்டது. அமர்வு எங்கே நடந்தாலும் பொருள் கதிரையில்தான் இருக்க வேண்டும். துறையிலே தோணியின் நடுவில் கதிரையை வைத்து, அதன்மேல் மெலிந்துபோன சுருளை இருத்தி, இரத்தினசிங்கம் ஒரு பக்கமும் காவல்காரர் மறுபக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றைக் கடக்கக் காத்திருந்த கிழவர் ஒருவர் நிற்க மாட்டாமல், "தம்பி, இதில கொஞ்சம் இருந்து வரட்டோ?" என்று கேட்டார்.

"ஏலாது அப்பு. ஆள் இருக்கு."

கிழவர் கதிரையைப் பார்த்தார். பிறகு இரத்தினசிங்கத்தைப் பார்த்தார். பிறகு தோணியின் மறுபக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

பந்தலிலும் அதே கதை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் வெள்ளிச் சுருள் ஒன்று நிமிர்ந்து இருப்பதைக் கண்டு முஹம்மது தம்பி சம்மந்தியின் காதைக் கடித்தார்.

"என்ன சம்மந்தி இது? உங்கட பக்க வழக்கமா?"

"இல்ல சம்மந்தி. அவர் பிரதிவாதி."

"எவர்?"

"பிறகு சொல்றன். சோறு பொங்கி வருது."

நிக்காஹ் முடிந்தது. குசினிப் பக்கத்தில் கிடாரம் முக்கால் வேக்காட்டுக்கு வந்தது. இந்த இடத்தில் ஒரு சமையல்காரனுக்குக் கிடைப்பது ஒரு வெற்றிலை போடுகிற நேரம். அதற்குள் மூடி அடைபட வேண்டும். அதற்குப் பிந்தினால் சோறு குழையும். குழைந்த சோற்றுக்கு உலகத்துத் தாள் முழுவதையும் சுற்றினாலும் தம் வராது.

கலீலுர் றஹ்மான் கையை நீட்டினார். தலைவர் கையைத் தடுத்தார்.

"பொறும். முதலில் ஆரம்ப உரை."

கதிரை கிடாரத்துக்கு அருகே வைக்கப்பட்டது. தலைவர் தொண்டையைச் செருமினார். விருந்தாளிகள் பசியோடு திரும்பினார்கள்.

"பெரியோர்களே! இந்தச் சபை தோன்றிய நாளிலிருந்து, ஒரு குடையைத் தவிர, ஒரு பொருளையேனும் அவசியமென்று கண்டதில்லை. சபை எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நான் என் வீட்டில் வெளிநாட்டுப் பொருள் எதையும் அனுமதிப்பதில்லை, சபை பறிமுதல் செய்தவற்றைத் தவிர. ஒரு சுடுதண்ணிப் போத்தல் அநாவசியமானது என்று நான் சும்மா சொல்லவில்லை. மாதக் கணக்காக நானே பாவித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்..."

கிடாரத்துக்குள் சோறு களகளவென்றது. கலீலுர் றஹ்மான் அந்தச் சத்தத்தைக் கேட்டார். சத்தம் தடிக்கத் தொடங்கியது. அது என்ன சொல்கிறதென்று அந்தப் பந்தலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பந்தலுக்கு அப்பால், யன்னல் சீலைக்குப் பின்னால் மகளின் கண்கள் தெரிந்தன. முஹம்மது தம்பி கிடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...ஆகவே, கைத்தறியும் வாழையிலையும் உள்ள ஒரு நாட்டிலே..."

கலீலுர் றஹ்மான் கதிரையிலிருந்து சுருளை ஒரே எட்டில் எடுத்தார். எடுத்த வேகத்தில் கதிரை சரிந்தது. மூடியைப் போட்டார். சர்ரென்று தாளை இழுத்து விளிம்பில் சுற்றி, பெருவிரலால் அழுத்தி அழுத்திக்கொண்டு கிடாரத்தைச் சுற்றி ஓடினார். ஆராய்ச்சிக்குப் போனது போக மிஞ்சியிருந்த தாள், ஓடத் தொடங்கிய இடத்துக்குக் கிட்ட வந்து முடிந்தது. ஒரு விரற்கடை இடைவெளி. நுனியை இழுத்து, நீவி, இன்னும் இழுத்து முனையோடு முனையை மடித்துப் பொருத்தினார். கையில் வெறும் மட்டைக் குழல் மட்டும் மிஞ்சியது.

"அனுமதி தரவில்லையே!" என்றார் தலைவர்.

"சோறு கேக்காது, சேர்."

இரத்தினசிங்கம் தலைவரின் பக்கமாகச் சரிந்தார். "சேர், இனிக் கழட்டினால் ஆவி போயிடும். பிறகு கள ஆய்வுக்குச் சாப்பிட ஒண்டும் மிஞ்சாது."

தலைவர் சட்டத்தை ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பேசினார். தம் ஆகும் வரைக்கும் சனங்களுக்குப் பொழுது போக வேண்டியிருந்ததால் ஒருவரும் தடுக்கவில்லை.

கிடாரம் இறங்கியது. தணலைத் தட்டி, விளிம்பைக் கத்தியால் கீறி மூடியைத் தூக்கியபோது எழுந்த வாசம் தலைவரின் வாக்கியத்தை நடுவில் நிறுத்தியது. சஹன் தட்டுகள் பரவின. ஒரு தட்டைச் சுற்றி ஆறாறு பேராகக் கூடியிருந்தார்கள். முஹம்மது தம்பி ஒரு பிடியை அள்ளினார். பருக்கைகள் ஒட்டாமல் விரலிடையே உதிர்ந்தன. வாயில் வைத்தார். கண்ணை மூடினார். 

"சம்மந்தி" என்றார் முஹம்மது தம்பி, கண்ணைத் திறக்காமலே. "இதுதான் புரியாணி."

யன்னல் சீலை விழுந்தது. உள்ளே பெண்களின் குரவைச் சத்தம் கேட்டது. புஷ்பவதியும் அங்கேதான் இருந்தாள். கைதட்ட வேண்டிய இடம் எதுவென்று அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைவர் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தரமும் ஆய்வு செய்தார். கையைக் கழுவி, சரிந்து கிடந்த கதிரையை நிமிர்த்தச் சொல்லி, அதன் முன்னால் நின்று தீர்ப்பை வாசித்தார்.

"புரியாணி அபாரம். அதில் சந்தேகமில்லை. அரிசி தெரிந்தது, இறைச்சி தெரிந்தது, நெய் தெரிந்தது. ஆனால் எவ்வளவு தேடியும் புரியாணிக்குள்ளே அலுமினியத் தாளைக் காணவில்லை. ஆகவே அலுமினியத் தாளினால் எவ்விதப் பயனும் இல்லை என்ற முந்திய கருத்தைச் சபை உறுதி செய்கிறது."

இரத்தினசிங்கமும் காவல்காரரும் கதிரையைத் தூக்கிக்கொண்டார்கள். இந்தத் தடவை அதில் ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் இரண்டு பேர்தான் தூக்கினார்கள்.

சனம் கலைந்தது. தோணிக்கு நேரமாகிறது என்று இரத்தினசிங்கம் தலைவரைத் தேடினார். கலீலுர் றஹ்மான் கிடாரத்தைக் கழுவத் தண்ணீர் அள்ளிக்கொண்டு குசினியின் பின்பக்கம் போனார்.

அங்கே வேலியோரம் தலைவர் குந்தியிருந்தார். சட்டைக் கை முழங்கை வரைக்கும் மடிக்கப்பட்டிருந்தது. முன்னால் கிடாரத்து மூடி. விளிம்பில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெல்ல மெல்ல, கிழியாமல், உரித்துக்கொண்டிருந்தார். உரித்த துண்டைக் கைலேஞ்சியால் துடைத்தார். தொடையில் வைத்து உள்ளங்கையால் சுருக்கம் நீவினார். துண்டோடு துண்டை மடித்துப் பொருத்தி, நடுவில் நல்ல இறைச்சியாகப் பார்த்து வைத்த ஒரு பிடி புரியாணியை இருத்தி, நான்கு மூலையையும் உள்ளே மடித்து அழுத்தினார். பழகிய கை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். 

"மனுசிக்கு" என்றார் தலைவர். குரலில் சபை இல்லை. "ஆறினால் சாப்பிடமாட்டா."

கலீலுர் றஹ்மான் வாளியை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி, மூடியை அரை வட்டம் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் கிழியாமக் கிடக்கு, சேர்."

தலைவர் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் நகத்தை வைத்தார்.